நிறுவனரின் தாயார், காலை பத்து முதல் ஐந்தரை வரை

நாகரிகங்கள் ஆற்றங்கரைகளில்தான் தோன்றின என்று இத்தனை காலமாக நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து வருகிறார்கள். பாடப்புத்தகம் எழுதுகிறவர்களுக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வந்துபோக நேரம் கிடைத்திருக்காது, பாவம். மரக்காணத்தைத் தாண்டி, சாலையின் இரண்டு பக்கமும் உப்பளங்கள் வெள்ளை வெளேரென்று கிடக்கிற இடத்தில் ஒரு ஃபைபர் திமிங்கலம் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது. அதன் தொண்டையில் டிக்கெட் கவுன்ட்டர். மனித குலம் தன் உச்சத்தைத் தொட்டது அங்கேதான்.

அதன் பெயர் 'ஆயிரம் அலை கேளிக்கைப் பூங்கா'. நிறுவனர் திரு. கண்ணாயிரம். கடலிலிருந்து அறுநூறு மீட்டர் தள்ளி நின்று, கடலுக்குப் போகிற வழியைச் சுவர் வைத்து அடைத்து, சுவருக்கு உள்ளே ஒரு கடல் கட்டி, அதில் மணிக்கு இரண்டு முறை மோட்டார் போட்டு அலை விட வேண்டும் என்கிற எண்ணம் அவருக்கு முன்னால் யாருக்கும் தோன்றியதில்லை. கடலுக்கே தோன்றியதில்லை.

இந்த உச்சத்திலிருந்து முக்கால் கிலோமீட்டர் மேற்கே அளத்துமேட்டுக் காலனி இருக்கிறது. அங்கே அம்சவல்லி இருந்தாள். வயது நாற்பத்தெட்டு. பதினெட்டு வயதிலிருந்து உப்பளத்தில் பாத்தி மிதித்து, உப்பு வாரி, கூடை சுமந்து அம்பாரத்தில் கொட்டியவள். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் தை வரைக்கும் உப்பளத்தில் வேலை கிடையாது. அப்படி வேலையில்லாத ஒரு பகலில், கூரை ஷீட்டிலிருந்து ஒழுகுகிற மழைத் தண்ணீரை அண்டாவில் பிடித்துக்கொண்டிருந்தபோதுதான் வரலாறு அவள் வீட்டு வாசலில் கார் நிறுத்தி இறங்கியது.

இறங்கியது பிரியங்கா. சென்னையிலிருந்து வந்தவள். கழுத்தில் தொங்கிய அட்டையில் 'அனுபவ வடிவமைப்பாளர்' என்று இருந்தது. பூங்காவின் இருபத்தைந்தாம் ஆண்டு நிறைவை ஒட்டி நிறுவனருக்கு ஓர் அருங்காட்சியகம் கட்டுகிறார்கள் என்றும், அதற்குப் பழைய பொருட்கள் வேண்டும் என்றும் சொன்னாள். நிறுவனர் இன்னும் உயிரோடு இருப்பது இத்தகைய நினைவுப் பணிக்குச் சிறிய இடைஞ்சல்தான். ஆனால் அவருடைய மகனும் மேலாண்மை இயக்குநருமான சரவணகுமார் அதைப் பெருந்தன்மையோடு பொறுத்துக்கொண்டார்.

"பழசுன்னா எந்த மாதிரிங்க?" என்று கேட்டாள் அம்சவல்லி.

"உங்க வீட்ல எல்லாமே ஓகே மேடம்," என்றாள் பிரியங்கா, சுற்றிலும் பார்த்து.

அம்சவல்லியின் மாமனார் உப்பு வாரிய மரப்பலகை பின்பக்கம் சாய்ந்து கிடந்தது. பிரியங்கா அதை இரண்டு கையாலும் தூக்கி, குழந்தையைப் போல வாங்கிக்கொண்டாள். பிறகு அம்சவல்லியின் முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். போனை எடுத்து இரண்டு படம் பிடித்தாள்.

"உங்க ஃபேஸ்ல ஒரு ஸ்ட்ரகிள் இருக்குது மேடம்."

"வெயில்ல நின்னதுங்க."

"அதான் மேடம் வேணும். வேலைக்கு வர்றீங்களா?"

என்ன வேலை என்பது மெதுவாகத்தான் விளங்கியது. திரு. கண்ணாயிரம் பிறந்தது திண்டிவனத்தில், மாடி வைத்த வீட்டில். அப்பாவுக்கு இரண்டு ரைஸ் மில். இந்த வரலாற்றுப் பிழை முதல் ஆலோசனைக் கூட்டத்திலேயே கண்டுபிடிக்கப்பட்டது. "ரைஸ் மில்லுல பொறந்தா ஜர்னி இல்லை சார். விசிட்டருக்கு ஜர்னி வேணும்," என்று பிரியங்கா எடுத்துச் சொல்ல, நிறுவனர் ஓர் ஏழை உப்பளத் தொழிலாளியின் குடிசையில் பிறந்ததாகக் கூட்டம் ஒருமனதாகத் தீர்மானித்தது. குடிசை கட்ட ஆள் வந்தது. குடிசைக்குள் உட்கார நிறுவனரின் தாயாரும் ஃபைபரில் செய்யப்பட்டு லாரியில் வந்து இறங்கினார். அவரைச் செய்தவர் ஜவுளிக்கடைப் பொம்மைகள் செய்கிறவர். ஆகவே தாயார் இடுப்பில் ஒரு கை வைத்து, லேசாகத் தலை சாய்த்து, பட்டுப்புடவை விளம்பரம் போலச் சிரித்துக்கொண்டிருந்தார். நிறுவனரின் பேத்தியைவிட இளமையாக இருந்தார். சரவணகுமார் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டு, உயிருள்ள தாயார் ஒருவரைத் தேட உத்தரவிட்டார்.

அன்று மாலை புருஷன் அசோகனிடம் விஷயத்தைச் சொன்னாள். அவன் மழைக்காலத்தில் கிளியனூர்ப் பக்கம் களையெடுக்கவும் நடவுக்கும் போகிறவன்.

"இன்னா வேலை?"

"அம்மா வேலை."

"யாருக்கு?"

"கண்ணாயிரத்துக்கு."

அசோகன் சாப்பிட்டுக்கொண்டே யோசித்தான். "அவரு உன்னைவிட முப்பது வயசு மூத்தவராச்சே."

"அது பழைய காலமாம். அப்ப நான் பெரியவளாம்."

"அப்ப சரி," என்றான் அசோகன்.

தாயாருக்கான உடை விஷயத்தில் நிர்வாகம் எந்தக் குறையும் வைக்கவில்லை. இரண்டு புதுப் புடவைகள் வாங்கி, அவற்றை நைந்துபோகச் செய்வதற்கென்றே சென்னையிலிருந்து ஒருவரை வரவழைத்தார்கள். அவர் மூன்று நாள் தங்கி, கல்லில் தேய்த்து, தேநீரில் ஊறவைத்து, நாலு இடத்தில் கிழித்துத் தைத்துக் கொடுத்தார். அம்சவல்லி கட்டிக்கொண்டு வந்திருந்த புடவை தானாகவே நைந்திருந்தது. ஆனால் அது பாலியஸ்டர் என்பதால் தகுதி பெறவில்லை.

முதல் நாள் பிரியங்கா அவளை அருங்காட்சியகம் முழுக்கச் சுற்றிக் காட்டினாள். எட்டாவது வரை படித்தவள் என்பதால் அம்சவல்லி ஒவ்வொரு பலகையாக நின்று எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

முதல் கூடத்தின் பெயர் 'ஒன்றுமில்லாமை'. சுவர் முழுக்க ஒரு பெரிய புகைப்படம். கீழே, 'உப்பைத் தவிர வேறெதுவும் விளையாத, மனித நடமாட்டமற்ற தரிசு நிலம். நிறுவனரின் தீர்க்கதரிசனக் கண் பட்ட இடம்' என்று எழுதியிருந்தது. படத்தில் பாத்திகள் கட்டம் கட்டமாகத் தெரிந்தன. வலது ஓரத்தில் வளைந்து போகிற வரப்பைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. கல்யாணமாகி வந்த புதிதில் அவளும், காலனிக்காரி ஜான்சியும், ஜான்சியின் அம்மாவும் வேலை செய்த பாத்திகள் அவை. கூடைச் சும்மாட்டோடு நாற்பது பேர் வரிசையாக அந்த வரப்பில்தான் நடப்பார்கள். முதலாளி நிலத்தை விற்றுவிட்டார் என்று ஒரு திங்கட்கிழமை காலையில் சொன்னார்கள். மறுநாள் புல்டோசர் வந்தது.

"மனித நடமாட்டமற்றன்னா?" என்று கேட்டாள்.

"ஆளுங்களே இல்லாத இடம்னு அர்த்தம் மேடம்."

அம்சவல்லி தலையாட்டிவிட்டு அடுத்த கூடத்துக்குப் போனாள். அங்கே அவளுடைய மாமனாரின் பலகை கண்ணாடிப் பெட்டிக்குள், சிவப்பு வெல்வெட் துணி மேல் படுத்திருந்தது. 'நிறுவனரின் தந்தையார் பயன்படுத்தியது.' மாமனாருக்கு இப்படியொரு மெத்தை உயிரோடு இருந்தபோது கிடைத்ததில்லை. அதனால் அதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மூன்றாவது கூடத்தில்தான் நின்றுவிட்டாள். கூடத்தின் பெயர் 'கருணை'. படத்தில் ஒரு குழாய். குழாயிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது. பக்கத்தில் வெள்ளைச் சட்டையில் கண்ணாயிரம். குழாயடியில் குடத்தோடு குனிந்து, கேமராவைப் பார்த்துச் சிரிக்கிற பெண் அம்சவல்லி. பதினைந்து வருஷத்துக்கு முந்திய அம்சவல்லி. 'அளத்துமேடு கிராமத்தின் தாகம் என்றென்றைக்குமாகத் தீர்ந்த நாள்' என்று கீழே எழுதியிருந்தது.

தலைப்பில் ஒரு பிழையும் இல்லை. அது ஒரு நாள்தான். பூங்கா வந்து எட்டு ஒன்பது வருஷத்தில் காலனிக் கிணற்றில் தண்ணீர் கீழே போய், பிறகு கரித்து, பிறகு வாயில் வைக்க முடியாத உப்பாகிவிட்டது. பெண்கள் சாலை மறியல் செய்தார்கள். உடனே குழாய் வந்தது. திறப்பு விழா நடந்தது, படம் எடுத்தார்கள், லட்டு கொடுத்தார்கள். மறுநாள் திருகினால் காற்று வந்தது. அன்றிலிருந்து பிரம்மதேசம் சாலையில் இரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கிற ஒரு பம்ப்செட்டுக்குத்தான் குடங்கள் போய் வருகின்றன. அந்தப் பம்ப்செட்டுக்காரர் நல்ல மனநிலையில் இருக்கிற நாட்களில்.

நான்காவது கூடம் குடிசை. மேலே பனையோலை. உள்ளே ஒரு மண் அடுப்பு, அடுப்புக்குள் சிவப்பு பல்பு, பல்புக்குப் பின்னால் மறைத்துவைத்த மின் அடுப்பு. ஓலைக்குப் பின்னாலிருந்து ஏ.சி. ஜில்லென்று இறங்கியது. வறுமை இவ்வளவு குளிர்ச்சியாக இருக்கும் என்று அம்சவல்லிக்கு அதுவரை தெரியாது. அதில் உட்கார்ந்து காலை பத்து மணி முதல் மாலை ஐந்தரை வரை கஞ்சி காய்ச்ச வேண்டும். செவ்வாய் விடுமுறை. யாராவது வந்து எட்டிப் பார்த்தால், "என் மகன் ஒருநாள் பெரிய ஆளா வருவான்," என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் தாய்மை.

முதல் கஞ்சியைக் காய்ச்சி இறக்கி, ருசி பார்க்க ஒரு கரண்டி வாயில் விட்டவள் அப்படியே இருந்துவிட்டாள். கரண்டியை வைத்துவிட்டு, மூலையில் இருந்த குழாயைத் திறந்து ஒரு கை பச்சைத் தண்ணீரைக் குடித்துப் பார்த்தாள். கடைசியில் நாக்கின் ஓரத்தில் லேசாக ஒரு இனிப்பு. மறந்துபோயிருந்தாள். ஆனால் நாக்கு மறக்கவில்லை. மருமகளாக இந்த ஊருக்கு வந்த முதல் நாள் காலனிக் கிணற்றில் இறைத்துக் குடித்தது இந்தத் தண்ணீர்தான்.

யாரிடமும் சொல்லவில்லை. சொல்வதற்கு ஆளும் இல்லை, நிறுவனரைத் தவிர.

நிறுவனர் தினமும் பதினோரு மணிக்கு வருவார். எழுபத்தெட்டு வயது. ஒத்திகை என்று பெயர். உண்மையில் பூங்காவில் அவருக்கு வேறு வேலை இல்லை. அலுவலக அறையை மகன் எடுத்துக்கொண்டு, 'நிறுவனர் ஓய்வறை' என்று ஒன்றைக் கொடுத்திருந்தார். அதில் வைஃபை இல்லை, ஏ.சி. பழுது. ஆகவே அவர் தான் பிறந்த குடிசைக்கு வந்து காலை நீட்டி உட்கார்ந்து, தாயார் காய்ச்சிய கஞ்சியை வாங்கிக் குடிப்பார்.

"நல்லா காய்ச்சுறம்மா. எங்க அம்மாவுக்கு அடுப்பு எந்தப் பக்கம் இருக்குதுன்னே தெரியாது," என்றார் ஒருநாள்.

"ஐயா, ஒண்ணு கேக்கலாமா? அந்தப் படத்துல இருக்கிற கொழாய்."

"எது, கருணையா?"

"அன்னிக்கு ஒருநாள்தாங்க வந்துது. மறுநாள் தண்ணி வரலை."

கண்ணாயிரம் கஞ்சியை ஊதினார். "மறுநாள் போட்டோகிராபரும் வரலையேம்மா," என்றார். அதில் கேலி இல்லை. ஒரு தொழில்நுட்ப விவரத்தைச் சொல்வது போலச் சொன்னார்.

"இந்தக் கஞ்சித் தண்ணி எங்கேருந்துங்க வருது?"

"நம்ம போர்தான். நாலு போர் இருக்குது. முதல்ல பார்க்குக்குள்ளதான் போட்டோம், சனியன், உப்பு. அப்புறம் உங்க காலனி ஓரமா, கெணத்துக்குப் பக்கத்துல ஆழமா போட்டுப் பாத்தோம். தேங்கா தண்ணி மாதிரி வந்துது." பழைய வெற்றியை நினைத்து அவர் முகம் மலர்ந்தது. "அலையெல்லாம் அந்தத் தண்ணிதான். உப்புத் தண்ணின்னா ஜனங்களுக்குக் கண்ணு எரியும் பாரு."

அம்சவல்லி கரண்டியால் கஞ்சியைக் கிண்டிக்கொண்டே இருந்தாள். அடிபிடித்துவிட்டது.

"அப்ப எங்களுக்கு ஒரு கொழாய் போடச் சொல்லுங்களேன்."

"நான் நிறுவனர்ம்மா. நிறுவினதோட என் வேலை முடிஞ்சுபோச்சு. கையெழுத்தெல்லாம் பையன்தான்." வெளியே ஏதோ பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சத்தம் கேட்டதும் முதுகை நிமிர்த்தி ஏழை மகனாக உட்கார்ந்தார்.

திறப்பு விழா மார்கழியில் நடந்தது. ஒரு பெரிய அதிகாரி வந்தார். நாலு கேமரா வந்தது. விழாவின் சிகரமாக 'தாயும் தனயனும்' என்ற நிகழ்ச்சி குடிசைக்கு முன்னால் ஏற்பாடாகியிருந்தது. வசனம் சென்னையில் எழுதப்பட்டது. தாய் கஞ்சி ஊட்ட, தனயன், "அம்மா, ஒருநாள் இந்த மண்ணிலே நான் ஒரு கடல் கட்டுவேன்," என்பார். தாய் கண்ணீர் மல்க, "கட்டு மகனே, உலகம் நனையட்டும்," என்பாள். திரை விழும். எல்லாருக்கும் முந்திரி கேக்.

முந்தைய நாள் பம்ப்செட்டுக்காரர் நல்ல மனநிலையில் இல்லை. ஜான்சி வெறுங்குடத்தோடு திரும்பி வந்து, குடத்தை வாசலில் போட்ட சத்தம் அம்சவல்லியின் வீடு வரைக்கும் கேட்டிருந்தது.

கண்ணாயிரம் தன் வசனத்தைக் கணீரென்று சொன்னார். வெள்ளைச் சட்டைக்கு மேல் ஒரு கிழிந்த துண்டு போட்டிருந்தார். அம்சவல்லி கரண்டியை அவர் வாய்க்கு நேரே கொண்டுபோனாள். திரைக்குப் பின்னால் பிரியங்கா உதட்டை அசைத்து, 'கட்டு மகனே' என்று எடுத்துக் கொடுத்தாள்.

"கட்டுப்பா," என்றாள் அம்சவல்லி. "கடலை மெதுவா கட்டிக்கலாம். மொதல்ல நம்ம காலனிக்கு ஒரு கொழாய் போடு. கஞ்சி காய்ச்சத் தண்ணி இல்லைப்பா."

சரவணகுமாரின் சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றது, எடுத்துக்கொள்ள ஆள் வராத பார்சல் போல. கண்ணாயிரம் கண்ணைக் கொட்டினார். அம்சவல்லியைப் பார்த்தார். பிறகு கேமராக்களைப் பார்த்தார். நாலு கேமரா. வாழ்நாள் முழுக்கக் கேமராவுக்கு முன்னால் 'இல்லை' என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை அந்த மனிதர்.

"நாளைக்கே கொழாய் வரும்மா," என்றார். "இது உன்மேல சத்தியம்."

கைதட்டல் கூரையைத் தூக்கியது. பெரிய அதிகாரி கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இதெல்லாம் வசனத்தில் உள்ளதுதான் என்று நினைத்து மைக்கைப் பிடித்து, இந்தப் புரட்சிகரமான குடிநீர்த் திட்டத்தை மனதாரப் பாராட்டுவதாக அறிவித்தார். சரவணகுமார் எழுந்து கைகூப்பினார். வேறு வழியில்லாத கைகள் எல்லாம் கடைசியில் அந்த நிலைக்குத்தான் வருகின்றன.

விழா முடிந்த மறுநாள் காலை சரவணகுமார் அம்சவல்லியைக் கூப்பிட்டனுப்பினார்.

"ஸ்க்ரிப்ட்ல இல்லாததை ஏம்மா சொன்னீங்க?"

"அம்மா மனசுல வந்துதுங்க சார்."

"உங்களை வேலையை விட்டு..."

"சார்," என்று குறுக்கிட்டாள் பிரியங்கா, போனிலிருந்து தலையை நிமிர்த்தாமல். "வீடியோ நாலு லட்சம் வியூஸ் போயிருக்குது. கொழாய் வரலைன்னா கமென்ட்ஸ்ல கிழிப்பாங்க. வந்துதுன்னா அதையே ஒரு எக்ஸிபிட்டா பண்ணிடலாம்."

சரவணகுமார் யோசித்தார். பெரிய முடிவுகள் எடுக்கும்போது செய்வது போல நாற்காலியில் அரைவட்டம் சுற்றினார். "கொழாய் உண்டு," என்றார். "அம்மா இருக்கிற வரைக்கும் உண்டு. அம்மா ஒழுங்கா வசனத்தை மட்டும் பேசுற வரைக்கும் உண்டு. புரியுதாம்மா?"

புரிந்தது. வாக்குறுதி எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றப்பட்டது. காலனிக்குக் குழாய் வந்தது. வந்த இடம் மட்டும் அருங்காட்சியகத்தின் ஐந்தாவது கூடம்.

'தாகம் தீர்த்த தனயன்' என்று பெயர் வைத்தார்கள். நடுவில் ஒரு பித்தளைக் குழாய், அதன்மேல் விளக்கு வெளிச்சம். அளத்துமேட்டுப் பெண்கள் அருங்காட்சியக நேரத்தில், ஊழியர் வாசல் வழியாக வந்து ஆளுக்கு மூன்று குடம் பிடித்துக்கொள்ளலாம். பிளாஸ்டிக் குடம் காலச் சூழலைக் கெடுக்கும் என்பதால் தடை. உள்ளே நிர்வாகம் தரும் பித்தளைக் குடத்தில் பிடித்து, வாசல் வரை சுமந்து, அங்கே தங்கள் பிளாஸ்டிக் குடத்தில் ஊற்றிக்கொண்டு, பித்தளையைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். செவ்வாய்க்கிழமை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. ஆகவே செவ்வாய்க்கிழமைகளில் காலனிக்குத் தாகம் எடுக்காது என்று முடிவு செய்யப்பட்டது.

அம்சவல்லி இதைக் காலனியில் வந்து சொன்னபோது யார் முகத்தையும் பார்க்காமல்தான் சொன்னாள். ஜெயித்துவிட்டோமா தோற்றுவிட்டோமா என்று அவளுக்கே தெரியவில்லை.

"வேடிக்கை பாக்கிறவன் பாத்துட்டுப் போறான்," என்றாள் ஜான்சி. "ரெண்டு கிலோமீட்டர் நடக்கிறதை ரோட்டுல போறவன் மட்டும் பாக்காமலா இருந்தான்?"

மறுநாளிலிருந்து குடங்கள் வந்தன. சுற்றுலாப் பயணிகள் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று படம் பிடித்தார்கள். பிரியங்கா நின்று நடையைச் சரிசெய்தாள்.

"கொஞ்சம் ஸ்லோவா நடங்க அக்கா. சிரிக்காதீங்க. களைப்பா இருக்கிற மாதிரி."

"மாதிரி எதுக்கும்மா," என்றாள் ஜான்சி.

பெங்களூரிலிருந்து வந்த ஒருவர், ரீல்ஸ் சரியாக விழவில்லை, குடத்தை இறக்கிவிட்டு இன்னொரு முறை தூக்க முடியுமா என்று மிகவும் மரியாதையாகக் கேட்டார். ஜான்சி இறக்கிவிட்டுத் தூக்கினாள். மூன்றாவது முறையில் அவருக்குத் திருப்தி வந்தது.

நிறுவனர் மட்டும் உள்ளபடியே மகிழ்ந்தார். பதினோரு மணிக்கு வந்து கஞ்சி குடிக்கும்போதெல்லாம் ஐந்தாவது கூடத்தை எட்டிப் பார்ப்பார். "கொழாய் வந்துடுச்சு பாத்தியாம்மா. நான் குடுத்த வாக்குல நெசமாவே நடந்தது இது ஒண்ணுதான்," என்பார். அம்சவல்லிக்கு அவர்மேல் கோபம் வர வேண்டும் என்று தெரிந்தது. கிண்ணத்தை நீட்டினால் ஊற்றவும் செய்தாள்.

தை பிறந்தது. உப்பளத்தில் பாத்தி கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். மேஸ்திரி ஆளனுப்பினார். அம்சவல்லிக்குப் போக வேண்டும் போல இருந்தது. ஏ.சி. குளிரில் முட்டி வலிக்கிறது, வெயில் பட்டுப் பல நாள் ஆகிறது. ஆனால் தாயார் எழுந்து போய்விட்டால் குழாயும் போய்விடும். எழுபது வீட்டுக் குடம் அவள் மடியில் இருந்தது. வரவில்லை என்று சொல்லியனுப்பினாள். "என் மகன் ஒருநாள் பெரிய ஆளா வருவான்," என்று ஒரு நாளைக்கு இருநூறு தடவை சொன்னாள்.

மாசியில் பெரிய அதிகாரி மறுபடி வந்தார். கூடவே இரண்டு பேர், கையில் கோப்பு. மக்களோடு இணைந்து வளரும் நிறுவனங்களுக்கு ஒரு விருது இருந்தது. அதற்கான ஆய்வு. சரவணகுமார் கோட்டுப் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார். கண்ணாயிரம் துண்டு போட்டுக்கொண்டு பின்னால் நடந்தார். அம்சவல்லியை ஐந்தாவது கூடத்துக்கு அழைத்துவந்து குழாய்க்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். 'இந்தத் தண்ணி என் மகன் கொடுத்ததுங்க.' அதுதான் அன்றைய வசனம். ஜான்சியும் பத்துப் பன்னிரண்டு பெண்களும் பித்தளைக் குடங்களோடு வரிசையில் நின்றார்கள்.

அதிகாரி குழாயைத் திறந்து ஒரு டம்ளர் பிடித்துக் குடித்தார். இன்னொரு டம்ளர் குடித்தார்.

"அருமையான தண்ணி. சுத்தி உப்பு மண்ணு, இது எப்படிக் கிடைச்சுது?" படிவத்தை விரித்து, பேனா மூடியைத் திறந்தார். "இந்தத் தண்ணி யார் கொடுத்ததும்மா?"

சரவணகுமார் அவளைப் பார்த்தார். பார்வையிலேயே வசனம் இருந்தது. பிரியங்கா உதட்டை அசைத்தாள். அம்சவல்லி வரிசையைப் பார்த்தாள். ஜான்சி குடத்தை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்று அவள் தலையாட்டியிருந்தால் அம்சவல்லி வசனத்தைச் சொல்லியிருப்பாள். ஜான்சி தலையாட்டவில்லை.

"இது எங்க காலனிக் கெணத்துத் தண்ணிங்க," என்றாள்.

"அப்படியா?" அதிகாரி எழுதிக்கொண்டார். "கிணறு, அளத்துமேடு மக்கள். வெரி குட். நிலம்?"

"முதலாளியோடது. நாங்க உப்பு வாரின பாத்திங்க. நாப்பது பேரு."

"நிலம், பாத்தி, தொழிலாளர்கள் நாற்பது பேர்." பேனா ஓடியது. அவர் சரவணகுமாரின் பக்கம் திரும்பினார். "இதைச் சொல்லவே இல்லையே சார். இதுக்குத் தனி மார்க் இருக்குது. 'உள்ளூர் மக்களின் நன்கொடை'ன்னு ஒரு கட்டமே இருக்குது." சரவணகுமார் கோட்டுப் பொத்தானை மாட்டிக்கொண்டார். கண்ணாயிரம் துண்டின் நுனியைத் திருகிக்கொண்டே குழாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அதிகாரியின் பேனா கடைசிக் கட்டத்துக்கு வந்து நின்றது. அவர் கண்ணாடிக்கு மேலாக அம்சவல்லியை வாஞ்சையோடு பார்த்தார்.

"எவ்வளவு பெரிய மனசும்மா உங்களுக்கெல்லாம். தேதி மட்டும் எழுதணும். இதையெல்லாம் நீங்க எப்பக் குடுத்தீங்க?"

"குடுக்கலைங்க," என்றாள் அம்சவல்லி.